ஈகையும் வேலையும்: கல்முனைக் கரையோரத் தொழில்தருநர் மனப்பான்மை பற்றிய ஒரு திறனாய்வு

இரந்தார்க்கு ஈதல் ஒன்று; உழைக்க வல்லார்க்கு உழைப்பதற்கு இடமளித்தல் வேறொன்று. முன்னது அறம் எனப் போற்றப்படுவது; பின்னது தொழில் எனக் கணக்கிடப்படுவது. இவை ஒன்றற்கொன்று துணையாதல் கூடும். ஆயினும் முன்னது பின்னதன் இடத்தைக் கவர்ந்துகொள்ளுமாயின், கொடுத்தவர் கொடையாளர் என்னும் பெயரோடு விளங்க, பெற்றவர் என்றும் பெறுபவராகவே நின்றுவிடுவர். உடற்குறையுடையோர்பால் தொழில்தருநர் கொண்டுள்ள மனப்பான்மையை ஆராயப் புகுவார்க்கு முதற்கண் புலப்படும் உண்மை இதுவே. அவர்களுக்கு வேலை மறுப்பவர் பெரும்பாலும் கல்நெஞ்சர் அல்லர், இரக்கமுடையவரே. மறுப்புக்கு ஏதுவாக நிற்பதும் பலவிடத்து அவ்விரக்கமே. இம்முரண்பாடு கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையோரத்தில் எவ்வாறு அமைந்துள்ளது என்பது ஆராயத்தக்கது.

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் பெரியநீலாவணையைக் கடந்தால் மருதமுனை. அதனை அடுத்துப் பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கின்றன. இன்னும் தெற்கே ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்பன உள. 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாயிருந்த இந்நிலம், அவ்வாண்டு முதல் அம்பாறை மாவட்டத்தைச் சார்ந்தது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் மிகுதியாகவும், தமிழர் அவர்களுக்கு அண்டை அயலாராகவும் வாழும் இக்கரையில், மேற்கே கல்லோயா நீர் பாயும் நெல்வயல்களும் கிழக்கே கடலும் இடையே கடைத்தெருவும் பிழைப்பிடங்களாகும். மருதமுனையின் கைத்தறி நெசவு நாடறிந்தது. அரிசி ஆலை, கரைவலை, துணிக்கடை, மரத்தளபாடப் பட்டறை, தையற்கடை, பலசரக்குக் கடை என்பனவே இங்குத் தொழில் தரும் இடங்களுட் பெரும்பாலன. இவற்றுட் பலவற்றில் வேலை செய்வோர் தொகை இரு கைவிரல்களில் அடங்கிவிடும். இச்சிறுமை பின்வரும் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது.

உடற்குறை என்பது எங்கோ சிலர்க்கு நேர்ந்த விதிவிலக்கு என்னும் எண்ணம் இக்கரையில் நிலைத்திருத்தற்கு இடமில்லை. ஒரு காலத்தில் இளம்பிள்ளைவாதம் பலருடைய கால்களை முடக்கிற்று. இலங்கையில் அந்நோயின் இறுதி நோயாளி கண்டறியப்பட்டது 1993 ஆம் ஆண்டிலாகும். 2009 வரை நீடித்த போர் கை கால்களையும் கண்களையும் கொண்டுசென்றது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் நாட்டிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மாண்டோர் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர். தப்பியவருள் ஊனமுற்றோரும் உளர். இந்நாளிலோ தெரு விபத்தும் நீரிழிவு நோயும் அப்பணியைத் தொடர்ந்து செய்கின்றன. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்கு மேற்பட்டோருள் 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், அதாவது நூற்றுக்கு 8.7 வீதத்தினர், ஏதேனும் ஒரு செயற்குறையோடு வாழ்பவர். அவருள் உழைக்கும் பருவத்தை எய்தியோரிற் பத்தில் ஏழு பேர் அளவினர் தொழில் உலகத்துக்குப் புறத்தே நிற்பவர் எனவும் அம்மதிப்பீடு காட்டிற்று.

சட்டமும் கடைத்தெருவும்

இந்நிலையை மாற்றுதற்குச் சட்டம் இல்லை எனக் கூறுதல் இயலாது. 1988 ஆம் ஆண்டின் 27/88 ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை, அரசாங்க சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வெற்றிடங்களுள் நூற்றுக்கு 3 வீதத்தைத் தகுதியுடைய உடற்குறையாளர்க்கு ஒதுக்குமாறு பணித்தது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வேலைக்குச் சேர்க்குமிடத்து ஒருவருடைய உடற்குறையைக் காரணமாகக் கொண்டு அவரை வேறுபடுத்தலாகாது என விதித்தது. 2003 இல் தேசியக் கொள்கை ஒன்று வகுக்கப்பட்டது. 2016 இல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை ஏற்று உறுதிசெய்தது. உழைத்து வாழும் உரிமை அதன் 27 ஆம் உறுப்புரையிற் பேசப்படுகின்றது. தலைநகரில் இலங்கை முதலாளிமார் சம்மேளனமும் இப்பொருள் குறித்துத் தொழில்தருநரை ஒன்றிணைக்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்தது. ஏட்டளவில் நோக்கின் குறை சிறிதே.

ஆயின், இவ்வேற்பாடுகள் யாவும் எத்தகைய தொழிலிடத்தை மனத்திற்கொண்டு எழுந்தவை என்பதை நோக்குதல் வேண்டும். நூற்றுக்கு 3 வீதம் என்னும் கணக்கு முழு ஓரிடமாவதற்கு 34 இடங்கள் வேண்டும். நான்கு பேர் நின்று துணி விரிக்கும் கடையில் நூற்றுக்கு மூன்று என்பது எட்டில் ஓராளும் ஆகாது. மேலும் அச்சுற்றறிக்கை அரசாங்கத்தை நோக்கியதேயன்றிக் கடைத்தெருவை நோக்கியதன்று. வேறுபடுத்தலாகாது என்னும் சட்ட விதியோ, விளம்பரம், விண்ணப்பம், நேர்முகம், மறுப்பு என்னும் படிகளை உடையதொரு காரியாலயத்தை முன்னிட்டது. மறுக்கப்பட்டவர் நீதிமன்றம் செல்லலாம். செல்வதற்கு மறுப்பு என ஒன்று நிகழ்ந்திருத்தல் வேண்டும்.

கல்முனைக் கடைத்தெருவில் அத்தகைய மறுப்பு நிகழ்வதேயில்லை. அங்கு வேலைக்கு ஆள் தேடும் முறை வேறு. தொழுகை முடிந்து வெளிவரும்போது ஒருவர் மற்றொருவரிடம், கடைக்கு ஒரு பையன் வேண்டும் என்பார். கேட்டவர் தம் மருமகனையோ அயல்வீட்டான் மகனையோ சொல்வார். மறுநாட் காலையில் அவன் கடைத்திண்ணையில் நிற்பான். காரைதீவிலும் பாண்டிருப்பிலும் கோயில் வீதியிலோ வாசிகசாலையிலோ நடைபெறுவதும் இஃதேயாம். இம்முறையில் காலூனமுற்ற இளைஞன் மறுக்கப்படுவதில்லை, நினைக்கப்படுவதேயில்லை. அவன் பெயர் அப்பேச்சில் எழுவதில்லையாதலின், அவனை விலக்கினார் என ஒருவரையும் சுட்டுதற்கில்லை. சொல்லப்படாத மறுப்பைச் சட்டம் எவ்வாறு பற்றும்? ஆதலின் இக்கரையைப் பொறுத்தவரை வினா சட்டத்தைப் பற்றியதன்று, மனத்தைப் பற்றியது என்பது தெளிவாகின்றது.

சட்டம் எட்டுமிடத்தும் மனம் எட்டாதாயின் விளைவது யாது என்பதற்குப் பிரித்தானிய வரலாறு சான்றாகும். உலகப் போரில் உறுப்பிழந்து மீண்டோரைக் கருதி 1944 இல் அங்கு இயற்றப்பட்ட சட்டம், 20 பேருக்குக் குறையாதோரை வேலைக்கு வைத்திருந்த தொழில்தருநர் யாவரும் நூற்றுக்கு 3 வீதம் உடற்குறையாளரைச் சேர்த்தல் வேண்டும் எனக் கட்டளையிட்டது. அதன்கீழ் அவர்களுக்கெனத் தனித்து ஒதுக்கப்பட்ட தொழில்கள் இரண்டு: மின்னுயர்த்தியை இயக்குதல் ஒன்று, வாகனத் தரிப்பிடத்தைக் காத்தல் மற்றொன்று. உறுப்பிழந்த ஒருவன் கணக்கனோ, கம்மியனோ, ஆசிரியனோ என்னும் ஆராய்ச்சி அவ்வொதுக்கீட்டில் இல்லை. பெரும்பாலான தொழில்தருநர் அவ்விதியை நிறைவேற்றாதே ஒழிந்தனர்; வழக்குத் தொடரப்பட்டமையும் மிகச் சிலவே. ஈற்றில் 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவ்விதி நீக்கப்பட்டது. எண்ணைக் கட்டளையிட்ட சட்டம் எண்ணத்தை மாற்றவில்லை.

தொழில்தருநர் கூறும் காரணங்கள்

தொழில்தருநர் பக்கத்து நியாயங்களைக் கேளாது அவரைக் குற்றங்கூறல் திறனாய்வாகாது. அவர் பொதுவாகக் கூறுவன ஐந்து: வேலை மெதுவாகும், விபத்து நேரும், இடத்தை மாற்றியமைக்கச் செலவாகும், வாடிக்கையாளர் முகஞ்சுளிப்பர், ஏதேனும் நேர்ந்தால் பொறுப்பு தம்மேல் விழும். இவற்றை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தல் தகும்.

வேலை மெதுவாகும் என்பது நாட்கூலி கொடுப்பவர்க்குப் பொருந்தலாம். நெசவுத் தொழிலிலோ நெய்த துணியின் கணக்குக்கே கூலி கொடுக்கும் வழக்கம் பரவலாக உண்டு. ஒரு சாரத்தை ஒரு நாளில் நெய்யினும் இரு நாளில் நெய்யினும் அதற்குரிய கூலி ஒன்றே. மெதுவாக நெய்பவரது இழப்பைச் சுமப்பவர் அவரேயன்றி முதலாளி அல்லர். ஆகவே அளவுக்கூலி வழங்கும் இடங்களில் இக்காரணம் பெரிதும் வலியிழக்கின்றது.

விபத்து நேரும் என்பதை முற்றாகத் தள்ளுதற்கில்லை. அரிசி ஆலையிற் சுழலும் பட்டியின் அருகே எச்சரிக்கைக் குரலைக் கேளாதவரை நிறுத்துதலும், அலையடிக்கும் வள்ளத்திற் கண்பார்வையற்றவரை ஏற்றுதலும் அறமாகா. ஆயின் ஆலை முழுவதும் பட்டியன்று. மீன்பிடி முழுவதும் வள்ளமன்று. உடற்குறையாளர் எங்கும் விபத்துக்குள்ளாவர் என்னும் பொதுக் கருத்தும் சான்றற்றது. அமெரிக்காவின் து பாண்ட் நிறுவனம் தன்னிடம் வேலைபார்த்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட உடற்குறையாளரை 1973 இல் ஆராய்ந்தபோது, பாதுகாப்பிலும் வரவொழுங்கிலும் அவர் ஏனையோர்க்குத் தாழ்ந்தவர் அல்லர் என்றே கண்டது. தன் உடலின் எல்லையை நாடோறும் அளந்து வாழ்பவன், அளவாதவனினும் விழிப்புடையனாதல் இயல்பே.

செலவு பற்றிய அச்சமும் பெரும்பாலும் அளந்து பாராத அச்சமாகும். மாரிகாலத்து வெள்ளத்தை முன்னிட்டு இக்கரைக் கடைகள் தெருவினின்றும் உயர்த்திக் கட்டப்படுவன. ஏறுதற்குப் படிகள் உள. சக்கர நாற்காலிக்கு அப்படியே மதிலாகின்றது. அதன்மேற் சாய்த்து வைக்கும் உறுதியான பலகை ஒன்றின் விலை, பெருநாட் காலத்தில் கடைமுகப்பை மின்விளக்கால் அலங்கரிக்கும் செலவினும் குறைந்தது. மேசையைச் சிறிது தாழ்த்துதல், நடைவழியிற் கிடக்கும் மூட்டைகளை ஒதுக்குதல், வாய்ச்சொல்லாற் சொல்வதை எழுதிக் காட்டுதல் என்பன பணமே வேண்டாதவை.

வாடிக்கையாளர் முகஞ்சுளிப்பர் என்னும் காரணமே இவற்றுட் கடினமானது. அது பொய்யென மறுக்கவும் இயலாது, மெய்யென ஏற்கவும் தகாது. துணிக்கடையில் ஒற்றைக் கையால் புடைவை விரிப்பவரைக் கண்டு முதல்நாள் திகைக்கும் பெண்மணி, பத்தாம் நாளில் அவரையே தேடி வருதலும் உண்டு; வாராது அயற்கடைக்குச் செல்லுதலும் உண்டு. ஆயின் திகைப்பு நீங்குதற்கு வழி பழக்கம் ஒன்றே. காணாதவரைப் பழகுதல் எங்ஙனம்? ஒவ்வொரு கடையும் அயற்கடை முதலில் தொடங்கட்டும் எனக் காத்திருப்பின், அப்பழக்கம் எக்காலத்தும் உண்டாகாது.

எஞ்சியது பொறுப்பு. இங்கேதான் இரக்கம் தடையாகும் விதம் வெளிப்படுகின்றது. உறவினர் வழியாகவும் ஊரார் வழியாகவும் ஆள் சேர்க்கும் முதலாளிக்கு ஓர் உள்ளச்சம் உண்டு. அதனை அவர் வெளியிற் கூறார். உடற்குறையுடைய ஒருவரைச் சேர்த்தபின் அவர் வேலை பிடிக்கவில்லையாயின் அவரை நீக்குதல் யாங்ஙனம்? நீக்கினால் ஊர் தூற்றும், இரக்கமற்றவர் என்னும் பெயர் சூழும், உறவு முறியும். ஏனைய பையனைக் கடிந்துகொள்ளலாம், வேண்டாவெனில் அனுப்பலாம். இவனைக் கடியவும் கூடாது, அனுப்பவும் கூடாது. நீக்க முடியாதவர் எனத் தோன்றுபவரைச் சேர்க்கவும் மனம் துணியாது. இதற்குப் பரிகாரம் மேலும் இரங்குதலன்று. ஏனையோர்க்குள்ள அளவுகோலையே இவருக்கும் வைத்தலாகும். பிழைக்குக் கண்டிப்பும் திறமைக்கு உயர்வும், தகுதியின்மை மெய்யாகவே காணப்படின் விடைகொடுத்தலும் சமமாக இருக்குமிடத்தில், சேர்த்தலும் எளிதாகும். அதனை ஊரார் பொறுத்துக்கொள்ளுதல் வேண்டும். வேலையிற் சமம் என்பதன் முழுப்பொருள் இது.

முதலாளியின் கால்

இக்காரணங்கள் யாவும் ஓரிடத்தில் தாமே தகர்கின்றன. நீரிழிவு நோயால் ஒரு கடை முதலாளி காலிழக்க நேர்வது அரிதன்று. அவ்வாறு நேர்ந்தவுடன் அக்கடை மூடப்படுகின்றதா? இல்லை. சில திங்களில் அவர் மீண்டு வருவார். கல்லாப்பெட்டியின் பின்னே வசதியான நாற்காலி ஒன்று இடப்படும். படியில் ஏற மகன் தோள் கொடுப்பான். மேல்தட்டில் உள்ள பொருளைப் பையன் எடுத்துக் கொடுப்பான். கணக்கிற் பிழை நேராது, பேரம் தளராது, வாடிக்கையாளர் முகஞ்சுளியார். அவரால் இயலுமா என எவரும் வினவுவதில்லை. அவருக்கு இயலும்படி கடையே தன்னை மாற்றிக்கொள்ளுகின்றது.

அதே நோயால் அதே கடையில் பொதி தூக்கிய தொழிலாளி காலிழப்பின், அவருக்கு வைத்தியச் செலவு கொடுக்கப்படும். நோன்பு மாதத்தில் ஸக்காத்தும் பெருநாளில் புத்தாடையும் அனுப்பப்படும். இந்துக்கள் ஊராயின் கோயில் அன்னதானத்தில் முதல் இலை அவருக்கு இடப்படும். கல்லாப்பெட்டிக்கு அருகே இரண்டாவது நாற்காலி ஒன்று மட்டும் இடப்படுவதில்லை. இருவர்க்கும் உடல் இழந்தது ஒன்றே. வேறுபட்டது உடலன்று, உடைமை. இயலாமை எனப்படுவது காலில் இல்லை, நாற்காலியை இடுவதா வேண்டாவா என்னும் முடிவில் உள்ளது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒருங்கு காட்டுகின்றன. சட்டமும் இம்மயக்கத்துக்கு விலக்கன்று. வேலையிற் காயமுற்றோர்க்கு நட்டஈடு வழங்கும் 1934 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், இன்ன உறுப்பு போயின் உழைப்பாற்றலில் இத்துணை வீதம் குறையும் என அட்டவணை இட்டது. நட்டஈட்டைக் கணிக்க அது வேண்டற்பாலதே. ஆயின் அவ்வட்டவணை, கைவிரலை இழந்த தச்சனுக்கும் பள்ளி ஆசிரியனுக்கும் குறைவது ஒன்றே எனக் கொள்ளும். உழைப்பாற்றல் உறுப்பைப் பொறுத்ததோ தொழிலைப் பொறுத்ததோ என்னும் வினாவை அது எழுப்புவதில்லை.

தொழிலைப் பகுத்துக் காணல்

அவ்வினாவை எழுப்பி விடையும் கண்டவர், இரக்கத்துக்குப் பெயர்பெறாத ஒரு முதலாளி என்பது வியப்பாகும். அமெரிக்க மோட்டார் வாகன உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்ட், தம் தொழிற்சாலையில் நிகழும் வேலை வகைகளை எண்ணுவித்தார். அவை 7,882 எனத் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் எவ்வுறுப்பு வேண்டும் என ஆராய்ந்தபோது, இரு காலும் இல்லாதார் 670 வகை வேலைகளையும், ஒரு காலுடையார் 2,637 வகைகளையும், ஒரு கையுடையார் 715 வகைகளையும், பார்வையற்றார் 10 வகைகளையும், இரு கையும் இல்லாதார் 2 வகைகளையும் செய்ய வல்லவர் எனக் கண்டார். ஆக, 4,034 வகை வேலைகளுக்கு முழு உடலும் வேண்டியதில்லை. அது மொத்தத்திற் பாதியினும் மிகுதி. 1922 இல் வெளிவந்த தம் நூலில் இவற்றைக் கூறிய அவர், இஃது அறமன்று, முழு வேலைக்கு முழுக் கூலி என்பதையும் வற்புறுத்தினார். தொழிலாளர் சங்கங்களைப் பகைத்த அவரை அறவோர் வரிசையிற் சேர்க்க வேண்டியதில்லை. அவர் வினவிய முறையே கொள்ளத்தக்கது. இவனால் என்ன இயலாது எனப் பொதுப்பட வினவாது, இவ்வேலைக்கு எது வேண்டும் என அவர் வினவினார்.

அவ்வினாவை மருதமுனைத் தறிக்கொட்டிலில் வினவுக. நெசவு என்பது ஒரு சொல், ஒரு வேலையன்று. நூலுக்குச் சாயமூட்டல், உலர்த்தல், ஊடை நூலைத் தாரிற் சுற்றல், பாவு ஓட்டல், அச்சிற் கோத்தல், அறுந்த இழையைப் பிணைத்தல், மிதித்து நெய்தல், நெய்ததை மடித்து அடுக்கல், கணக்கெழுதல், விற்றல் எனப் பலவாகப் பிரியும். மிதித்தலுக்கே கால் வேண்டும். தார் சுற்றுதற்கு வேண்டா. நிறம் தேர்தற்குக் கண் வேண்டும். சுற்றிய நூலின் இறுக்கத்தை விரலே அறியும். காது கேளாதவர்க்கோ இவற்றுள் விலக்கப்பட்டது ஒன்றுமில்லை. பத்துத் தறிகள் ஒருங்கே இரையும் கொட்டிலில், கேட்பவரும் கேளாதவரும் கைக்குறியாற் பேசுதலே எளிது. அவ்வாறே கரைவலையில் வலை இழுப்போர் பலர். வலை பொத்துவோர் அமர்ந்து செய்வோர். அரிசி ஆலையில் மூட்டை சுமப்போர் சிலர். நிறுப்போரும் சாக்குத் தைப்போரும் கணக்கெழுதுவோரும் வேறு.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அமர்ந்து செய்யும் எளிய வேலையே இவர்க்குரியது எனத் தீர்ந்துவிட்டால், பிரித்தானியாவின் மின்னுயர்த்திக் கதையே மீளும். வீட்டிலிருந்தே நூல் சுற்றட்டும் எனப் பெண்களுக்கு வேலை கொடுத்துப் பாதிக் கூலி அளித்து, அதனை உதவி என்று பெயரிடுதலும் உண்டாகலாம். 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் தேசியக் குறைந்தபட்ச வேதனத்தை நிறுவியது. உதவி என்னும் பெயரால் அதனினும் குறைத்தல் ஈகையும் அன்று, கூலியும் அன்று. பல்கலைக்கழக அனுமதியிற் பார்வையற்றோர்க்கும் ஏனைய உடற்குறையாளர்க்கும் தனியேற்பாடு உள்ள நாட்டில், பட்டம் பெற்றுவரும் ஒருவரைத் தார் சுற்ற அமர்த்துதல் திறனை மதித்தல் ஆகாது. தொழிலைப் பகுத்தல் ஆளைத் தாழ்த்துதற்கு அன்று, பொருத்துதற்கே.

மரபு கூறுவது

இக்கரை மக்கள் தத்தம் சமய மரபிலிருந்தே இதற்குச் சான்று காணலாம். நபிகள் நாயகத்தின் தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் பார்வையற்றவர். திருக்குர்ஆனின் 80 ஆம் அத்தியாயம் அவரை முன்னிட்ட நிகழ்ச்சியோடு தொடங்குவது முஸ்லிம்கள் யாவரும் அறிந்ததே. அவருக்கு மதீனாவில் அளிக்கப்பட்டது தருமம் மட்டுமன்று, பணி. பிலால் அவர்களோடு ஒருங்கு தொழுகைக்கு அழைக்கும் பணியை அவர் ஏற்றார். நாயகம் படையோடு வெளியேறிய காலங்களில் நகரைக் காக்கும் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டதுண்டு. வைகறை அழைப்புக்கு வானம் வெளுத்தலைக் காண வேண்டும். அதனைக் காணாதவர் அப்பணியை எவ்வாறு செய்தார்? பொழுது புலர்ந்தது என அருகிலிருந்தோர் அறிவித்தனர், அவர் அழைத்தார். அவருக்கு வேண்டியிருந்த துணை ஒரு சொல் அளவே. அச்சிறு துணைக்காக அப்பெரும் பணியை அவருக்கு மறுக்கவில்லை.

தமிழிலக்கிய வரலாற்றிலும் இதற்கு ஒப்புமை உண்டு. இரட்டைப்புலவர் எனப்படும் இளஞ்சூரியர், முதுசூரியருள் ஒருவர் கண்ணிழந்தவர், மற்றவர் காலிழந்தவர் என்பது வழிவழி வந்த செய்தி. காலிழந்தவரைக் கண்ணிழந்தவர் தோளிற் சுமக்க, சுமக்கப்பட்டவர் வழி காட்ட, இருவரும் ஊர் ஊராகச் சென்று பாடினர். தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் அவர்தம் படைப்புகள். அவர்க்குப் பரிசளித்த புரவலர் அவர்தம் ஊனத்துக்கு அளிக்கவில்லை, பாட்டுக்கு அளித்தனர். புரவலன் என்பவன் அக்காலத்துத் தொழில்தருநன் எனின், அவன் நிறுத்தது வேலையையே.

திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், பொறியின்மை ஒருவர்க்குப் பழியாகாது, அறிவறிந்து முயலாமையே பழி என்னும் கருத்துடைய குறள் ஒன்று உண்டு. பொறி என்பதற்குப் பரிமேலழகர் விதி எனப் பொருள் கொண்டார். பிற்காலத்தார் சிலர் உடலுறுப்பு எனக் கொண்டனர். ஒரு சொல்லுக்கு இரு பொருள் கொள்ளுதல் உரையாசிரியர்க்குரிய உரிமை. ஆயின் வாழ்க்கையில் இவ்விரு பொருளையும் ஒன்றாக்கி, உறுப்பின்மையே விதி எனக் கொள்ளுதல் பெரும் பிழையாகும். கடைத்தெருவிற் காலிழந்தவனைக் கண்டு, பாவம், அவன் விதி எனக் கூறி ஒரு நாணயத்தை இட்டுச் செல்பவர் செய்வது அப்பிழையே. உறுப்பின்மை உடலைச் சார்ந்தது. வேலையின்மையோ ஊரார் கூடி ஆக்கியது; ஆதலின் ஊரார் கூடி நீக்கத்தக்கது.

செய்யத்தக்கன

உறவும் ஊரும் வழியாக ஆள் சேர்க்கும் முறை இக்கரையின் குறை என மேலே காட்டப்பட்டது. அதுவே அதன் வலியாகவும் அமைதல் கூடும். கொழும்பிலுள்ள பெரிய நிறுவனத்தின் அதிகாரிக்கு விண்ணப்பதாரர் ஒரு தாள். அவருடைய குறை அத்தாளில் ஒரு வரி. கல்முனைக் கடைக்காரருக்கோ அவர் இன்னார் மகன், சிறுவனாயிருந்தபோது மூன்று சக்கர வண்டியைத் தானே பழுது பார்த்தவன், கணக்கிற் கூர்மையானவன், சொன்னசொல் தவறாதவன். தலைநகரத்துத் தொழில்தருநர் ஆராய்ந்தறிய வேண்டியதை இவர் முன்னரே அறிவர். அறிந்ததை நினைவுகூர்தல் ஒன்றே எஞ்சியது. பள்ளிவாசல் முற்றத்திலும் கோயில் வீதியிலும் கடைக்கு ஆள் வேண்டும் என்னும் பேச்சு எழும்போது, அவன் பெயரையும் ஒருவர் சொல்லுதல் வேண்டும். சொல்லப்படாத மறுப்புக்கு நேர்மாற்று, சொல்லப்படும் பெயரே.

அப்பெயரைச் சொல்லுதற்குரியோர் மூவர். முதல்வர் பெற்றோர். பிள்ளையை வெயிலிற் காட்டாது காத்தல் அன்பேயாயினும், ஊரார் அறியாத பிள்ளையை ஊரார் வேலைக்கு நினையார். இரண்டாமவர் ஆசிரியர். பின் இருக்கையில் அமர்த்தி வினாக் கேளாது விடும் ஆசிரியர், பின்னாளிற் கடைக்காரர் செய்யப்போவதை முன்னாளிலே செய்து முடிக்கின்றார். மூன்றாமவர் பழைய மாணவர். ஒரே வகுப்பிற் பயின்றவருள் ஒருவர் கடை முதலாளியாகவும் மற்றொருவர் காரியாலயத் தலைவராகவும் வேறொருவர் உடற்குறை காரணமாக வீட்டிலும் இருப்பரெனின், அம்மூவரும் பெற்ற தேர்ச்சியறிக்கைகளை ஒருங்கு வைத்து நோக்குதல் தகும். வீட்டிலிருப்பவர் பெற்ற புள்ளிகள் ஏனையோருடையவற்றினும் மிகுதியாதலும் கூடும்.

தொழில்தருநர் செய்யத்தக்கது அதனினும் எளிது. தம் கடையிலோ ஆலையிலோ கொட்டிலிலோ ஒரு நாளில் நிகழும் வேலைகளை ஒவ்வொன்றாக ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே அதற்குக் கால் வேண்டுமா, கை வேண்டுமா, கண் வேண்டுமா, காது வேண்டுமா எனக் குறித்தால் ஒரு மாலைப்பொழுது போதும். வேண்டா எனக் குறிக்கப்பட்ட இடங்கள் அவர் எதிர்பார்த்ததினும் பலவாயிருக்கும். அவற்றுள் ஒன்றுக்குத் தகுதியுடைய ஒருவரை முழுக் கூலியோடு அமர்த்துக. பிழை செய்யின் கண்டிக்க. நன்கு செய்யின் உயர்த்துக. நோன்பு மாதத்து ஈகை அதனால் நின்றுபோகாது. அதனைப் பெறுவோர் வரிசையில் ஒருவர் குறைவர். அவ்வொருவர் அடுத்த ஆண்டில் தாமும் ஈவோருள் ஒருவராதல் கூடும்.